வீடு ஓர் அலுவலகம், பேருந்து வேறோர் அலுவலகம்: நாங்கள் யாரிடம் முறையிடுவது?

தம் பெயரையும் ஊரையும் குறிப்பிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, நகரத்தின் விளிம்பில் அரசின் வீட்டுவசதித் துறை கட்டிய 2,400 வீடுகள் கொண்ட குடியிருப்பில் அவருடைய குடும்பம் ஒரு வீட்டை வாங்கியது. நகருக்குள் அதே அளவுள்ள வீட்டுக்குக் கேட்ட விலையில் பாதிக்கும் குறைவாக இருந்ததுதான் காரணம். அவர் நகர மையத்திலுள்ள மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் பணிபுரிகிறார். கணவருக்கு நகரின் மறுகோடியிலுள்ள தொழிற்பேட்டையில் வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். முழங்கால் வலியால் நடக்கச் சிரமப்படும் மாமியாரும் உடன் இருக்கிறார். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு 31 கிலோமீட்டர். 40 நிமிடத்துக்கு ஒரு பேருந்து. பாதி வழியில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். இரவு எட்டரையோடு சேவை முடிந்துவிடும். ஒரு வழிப் பயணத்துக்கு 1 மணி 50 நிமிடம் ஆகிறது. இதனால் குடும்பம் தவணையில் இரண்டாவது வாகனம் ஒன்றையும் வாங்கியிருக்கிறது.

இந்த நிலையில், குடியிருப்புக்கு அருகில் ரயில் பாதை ஒன்று வரப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. நகரத்தின் அடுத்த இருபது ஆண்டுகளுக்கான முழுமைத் திட்டத்தின் வரைவும் வெளியாகி, மக்கள் கருத்துச் சொல்ல ஆறு வாரம் தரப்பட்டிருக்கிறது; அதில் இரண்டு வாரம் கழிந்துவிட்டது. உத்தேச ரயில் நிலையத்தைச் சுற்றி 15 மாடி வரை கட்ட அனுமதிக்கலாம் என்கிறது வரைவு. குடியிருப்போர் நலச்சங்கம் கூடி, உயரமான கட்டடங்களை எதிர்ப்பது, நகருக்குச் செல்லும் சாலையை ஆறுவழிச் சாலையாக்கக் கோருவது என்று இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றி, மனு எழுதும் பொறுப்பைச் செயலாளரான இவரிடம் ஒப்படைத்திருக்கிறது. அதற்கு முன்பே இவர் மூன்று அலுவலகங்களுக்கு நேரில் சென்று வந்துவிட்டார். "வீடு கட்டித் தருவது மட்டுமே எங்கள் வேலை" என்றது வீட்டுவசதித் துறை. "பயணிகள் கூடினால்தான் வண்டி கூட்ட முடியும்" என்றது போக்குவரத்து நிறுவனம். "எந்த நிலம் எதற்கு என்று குறிப்பதோடு எங்கள் அதிகாரம் முடிகிறது" என்றது நகரமைப்பு அலுவலகம். சங்கத்தின் கோரிக்கைகள் சரிதானா, மனுவால் பயன் உண்டா, ரயில் வரும்வரை பொறுத்திருப்பதா அல்லது வீட்டை விற்றுவிட்டு நகருக்குள் வாடகைக்குப் போவதா என்பவை இவருடைய கேள்விகள். "வீட்டை மலிவாக வாங்கியது ஒன்றுதான் நாங்கள் செய்த நல்ல காரியம்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நகரமைப்பு வரைபடங்களோடு பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் உங்கள் கடிதம் எனக்கு வேதனை தந்தது. அதில் புதிதாக எதுவும் இல்லை என்பதுதான் வேதனைக்குக் காரணம். மூன்று அலுவலகங்களும் உங்களிடம் பொய் சொல்லவில்லை. வீட்டுவசதித் துறையின் ஆண்டறிக்கையில் எத்தனை வீடுகள் ஒப்படைக்கப்பட்டன என்ற எண் இருக்கும். போக்குவரத்து நிறுவனத்தின் கணக்கில் ஒரு வண்டிக்கு எத்தனை பயணிகள், எவ்வளவு வசூல் என்பது இருக்கும். நகரமைப்பு அலுவலகத்தின் சுவரில் நிலங்களுக்கு வண்ணம் தீட்டிய வரைபடம் தொங்கும். மூன்று அலுவலகங்களும் தத்தம் அளவுகோலின்படி வேலையைச் சரியாகவே முடித்திருக்கின்றன. நீங்கள் காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறீர்கள் என்பதை எழுதி வைக்க மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. உங்கள் மனு அந்த இடத்தை உண்டாக்க வேண்டும். ஆனால் சங்கம் நிறைவேற்றிய இரண்டு தீர்மானங்களும் அதைச் செய்யாது என்பதோடு, உங்களுக்கே எதிராகத் திரும்பும் என்றும் அஞ்சுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

மலிவு என்ற கணக்கு

முதலில், கடிதத்தின் கடைசி வரியை மெல்லத் திருத்த அனுமதியுங்கள். நீங்கள் வாங்கியது விலை குறைந்த வீடு. செலவு குறைந்த வீடு அன்று. போக வர நாளொன்றுக்கு 3 மணி 40 நிமிடம் என்றால், மாதத்தில் 22 வேலை நாளுக்கு 80 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எட்டு மணி நேர வேலையாகக் கணக்கிட்டால் பத்து நாள். மாதந்தோறும் பத்து நாள் வேலையை ஊதியமில்லாமல் சாலையில் செய்கிறீர்கள். அதோடு இரண்டாவது வாகனத்தின் தவணை, எரிபொருள், பழுதுச் செலவு, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் வாடகை வண்டிக்குக் கொடுக்க நேர்வது ஆகிய அனைத்தும் வீட்டுக்கடனோடு சேர்த்துக் கூட்ட வேண்டிய தொகைகள்.

இந்தக் கூட்டலை முறையாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குப் போனால் அது தாங்க முடியாத செலவு என்பது பல நாடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவுகோல். சிகாகோவில் இயங்கும் ஓர் ஆய்வு மையம் 2006 முதல், வீட்டுச் செலவையும் பயணச் செலவையும் ஒன்றாகக் கூட்டி, இரண்டும் சேர்ந்து 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற அளவுகோலை வைத்துப் பகுதி பகுதியாகக் கணக்கிட்டு வருகிறது. அப்படிக் கணக்கிடும்போது, வீட்டு விலையை மட்டும் பார்த்தால் மலிவாகத் தெரிந்த விளிம்புப் பகுதிகள் பல மலிவான பகுதிகளின் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகின்றன. உங்கள் குடும்பத்துக்கும் இதே கூட்டலை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நாற்பது ஐம்பது அண்டை வீட்டாரிடமும் போடச் சொல்லுங்கள். மனுவுக்கு அதைவிடச் சிறந்த இணைப்பு கிடைக்காது.

இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் கட்டினால் ஒதுக்கிய பணத்தில் வீடுகளின் எண்ணிக்கை கூடும் என்று அரசுகளே இந்தக் கணக்கில் தவறியிருக்கின்றன. மெக்சிகோவில் 2000-த்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், தொழிலாளர் வீட்டு நிதியிலிருந்து தாராளமாகக் கடன் வழங்கி, நகரங்களிலிருந்து வெகு தொலைவில் லட்சக்கணக்கான வீடுகளைக் கட்டினார்கள். 2010-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள், அதாவது ஏழில் ஒன்று, ஆளில்லாமல் கிடந்தன. அதற்குக் காரணங்கள் பல. வேலைக்கும் பள்ளிக்கும் போய்வர வழியில்லாத தொலைவு அவற்றில் முதன்மையான ஒன்று. கடன் தவணை பாக்கியிருக்கும்போதே வீட்டைப் பூட்டிவிட்டுப் போன குடும்பங்கள் அங்கே ஏராளம்.

வண்டி முந்துவதும் வீடு முந்துவதும்

போக்குவரத்து நிறுவனம் உங்களிடம் சொன்னது ஒரு சுழல் வாதம். ஆள் சேர்ந்தால் வண்டி வரும் என்கிறார்கள். 40 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால், நேரம் பார்த்துப் போகாதவர் சராசரியாக 20 நிமிடம் நிறுத்தத்தில் நிற்க வேண்டும், மாறும் இடத்தில் இன்னொரு முறை நிற்க வேண்டும். அப்படி நிற்க முடிந்தவர்கள் மட்டுமே பேருந்தில் மிஞ்சுவார்கள். மற்றவர்கள், நீங்கள் செய்ததுபோல், வாகனம் வாங்கிவிடுவார்கள். வாங்கியவர் பிறகு எளிதில் திரும்ப வரமாட்டார். ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிவரும் முதல் சில மாதங்களில்தான் அதன் பயணப் பழக்கம் உருவாகிறது. அந்த மாதங்களில் பேருந்து இல்லாவிட்டால் அந்தப் பயணியைப் பல ஆண்டுகளுக்கு இழந்ததாகத்தான் பொருள்.

இதற்கு இரண்டு ஊர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஸ்டாக்ஹோம் நகராட்சி 1904 முதலே ஊருக்கு வெளியே நிலம் வாங்கி வைத்திருந்தது. வேலிங்பி என்ற புறநகரை அங்கே அமைத்தபோது, சுரங்க ரயில் 1952-இலேயே அந்த இடத்தை எட்டிவிட்டது. கடைகளும் அலுவலகங்களும் கொண்ட அதன் மையம் 1954-இல் திறக்கப்பட்டது. நிலமும் திட்டமும் ஒரே கையில் இருந்ததால் வண்டி முந்திக்கொண்டது. வேலை, வீடு, மையம் மூன்றும் ஒரே இடத்தில் என்பது அதன் கொள்கை. அது முழுமையாக நிறைவேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வெளியேதான் வேலைக்குப் போனார்கள். ஆனால் ரயிலில் போனார்கள். வெளியிலிருந்து அங்கே வேலைக்கு வந்தவர்களும் ரயிலில் வந்தார்கள்.

டோக்கியோவின் புறநகரான டாமா புதுநகரில் 1971-இல் முதல் குடும்பங்கள் குடியேறின. ரயில் வந்து சேர்ந்தது 1974-இல். இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் அந்த இடத்தை, நிலத்தின் நடுவே துண்டிக்கப்பட்ட தீவு என்று சொல்லும் அளவுக்கு மக்கள் அலைக்கழிந்தார்கள். ரயில் பாதைகளைத் திறம்பட நடத்துவதில் பெயர்பெற்ற நாட்டிலேயே, வீட்டின் நாட்காட்டியும் ரயிலின் நாட்காட்டியும் சேராவிட்டால் இதுதான் நடக்கிறது. மூன்று ஆண்டு என்பது திட்ட அறிக்கையில் ஒரு வரி. உங்கள் மகளுக்கு அது ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை.

ஆறுவழிச் சாலை

சங்க உறுப்பினர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள் என்பது புரிகிறது. நெரிசலில் தினமும் நிற்பவருக்கு அகலமான சாலையே கண்முன் தெரியும் மருந்து. ஆனால் இந்த மருந்தைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவிட்டார்கள். 1962-இலேயே ஆன்டனி டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர், நெரிசல் நேரத்தில் விரைவுச்சாலையின் கொள்ளளவு எவ்வளவு கூடினாலும் போக்குவரத்து அதை நிரப்பும் வரை வளரும் என்று விளக்கினார். 2011-இல் டுராண்டன், டர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க நகரங்களின் நெடுஞ்சாலைகளை எடுத்துக்கொண்டு, சாலைத் தடங்களின் மொத்த நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வாகனங்கள் ஓடும் தொலைவும் கூடுகிறது என்று காட்டினார்கள்.

காரணம் விளங்கிக்கொள்ள எளிதானது. மனிதர் பயணத்துக்குச் செலவிடும் நேரம், பெரிய மக்கள்தொகையின் சராசரியாகப் பார்த்தால், நாளுக்கு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டி நிற்கிறது என்று 1970-களில் யாக்கோவ் சஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளர் கண்டார். சாலை விரைவானால் மக்கள் மிச்சமாகும் நேரத்தை வீட்டில் கழிப்பதில்லை. இன்னும் தொலைவில், இன்னும் மலிவான மனையைத் தேடுகிறார்கள். ஆறுவழிச் சாலை வந்தால் உங்களுக்கு அப்பால் பத்து கிலோமீட்டரில் அடுத்த குடியிருப்பு முளைக்கும். அங்கிருந்து வரும் வாகனங்கள் உங்கள் வாசலைக் கடந்துதான் போகும். அகலப்படுத்தும் கோடு உங்கள் குடியிருப்பின் முன்பகுதியை வெட்டுகிறதா, மகள் பள்ளிக்குக் கடக்கும் இடத்தில் என்ன ஆகும் என்பவற்றையும் தீர்மானம் போட்டவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

நேர்மைக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 2011 ஆய்வு, பொதுப் போக்குவரத்தைக் கூட்டினாலும் சாலையில் ஓடும் வாகனங்கள் குறைவதில்லை என்றும் கண்டது. ஆகவே ரயில் வந்தால் சாலை காலியாகிவிடும் என்று யாருக்கும் வாக்களிக்காதீர்கள். நெரிசலில் நிற்கத் தேவையில்லாத ஒரு வழி உங்களுக்குக் கிடைக்கும் என்பதுதான் ரயிலின், தனிப் பேருந்துத் தடத்தின் பயன். சாலைக்காகக் கேட்பதாக இருந்தால், இருக்கும் அகலத்துக்குள் பேருந்துக்கென ஒரு தடமும், இருபுறமும் தொடர்ச்சியான நடைபாதையும் கேளுங்கள்.

உயரமான கட்டடங்களை எதிர்ப்பதற்கு முன்

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டுகிறேன், ஏனெனில் சங்கத்தின் அச்சத்தில் பாதி நியாயமும் பாதி தவறும் கலந்திருக்கின்றன. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை என்பது சுமார் 800 மீட்டர். அந்த ஆரத்தில் வட்டம் போட்டால் 200 ஹெக்டேர் நிலம் உள்ளே வரும். சாலை, பூங்கா, பள்ளி, கடைகளுக்குப் பாதியை விட்டால் மிஞ்சுவது 100 ஹெக்டேர். அதில் ஹெக்டேருக்கு 50 வீடு என்றால் 5,000 குடும்பங்கள். 200 வீடு என்றால் 20,000 குடும்பங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயிலை ஓட்டுவதற்கான பயணிகள் இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறார்கள். முதல் கணக்கை நீங்கள் போராடிப் பெற்றால், இன்று பேருந்து நிறுவனம் சொல்லும் அதே பதிலை நாளை ரயில் நிர்வாகம் சொல்லும்.

அதே வேளையில், ஹெக்டேருக்கு 200 வீடு என்பதற்கு 15 மாடி தேவையில்லை. ஐந்தாறு மாடிகளிலேயே அதை அடையலாம். எனவே "உயரம் வேண்டாம்" என்று எழுதாமல், எத்தனை வீடுகள், யாருக்கான வீடுகள், எத்தனை வாகன நிறுத்தங்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். நிலையத்தின் அருகே கட்டப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்று விதி இருந்தால், ரயிலுக்காக அடர்த்தியை அனுமதித்துவிட்டு அந்த அடர்த்திக்குள் கார்களை வரவழைக்கிறோம். லண்டனில் 2004-இல் இந்த விதியைத் தலைகீழாக்கினார்கள். குறைந்தது இத்தனை நிறுத்தங்கள் என்று கட்டாயப்படுத்துவதை விட்டுவிட்டு, இத்தனைக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள்.

சங்கத்தின் அச்சத்தில் நியாயமான பாதி, விலையைப் பற்றியது. பிரேசிலின் குரிசிபா நகரம் 1966-இல் வகுத்த திட்டப்படி, நகர மையத்திலிருந்து வெளியே நீளும் ஐந்து அச்சுகளில், அதாவது முதன்மைச் சாலைத் தடங்களில், மட்டும் உயரமான கட்டடங்களை அனுமதித்து, 1974 முதல் அதே அச்சுகளின் நடுவே விரைவுப் பேருந்துகளைத் தனித் தடத்தில் ஓடவிட்டது. சாலை, பேருந்து, கட்டட உயரம் மூன்றையும் ஒரே கோட்டில் வைத்ததற்கு உலகமே அதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ஆனால் அந்த அச்சுகளில் நில விலை உயர்ந்தது. பேருந்து மிகவும் தேவைப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பல, எல்லைக்கு வெளியே உள்ள அண்டை ஊர்களில்தான் குடியேற முடிந்தது. போக்குவரத்தையும் நிலத்தையும் இணைத்துவிட்டு, வீட்டுவசதியை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். நிலையம் வரும் என்ற அறிவிப்பே நில விலையை ஏற்றிவிடும். அந்த ஏற்றம் பொதுப்பணத்தால் உண்டானது. அதில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்று, நடை தொலைவுக்குள் குறைந்த வருமானத்தாருக்கு வீடுகளும் வாடகை வீடுகளும் ஒதுக்க வேண்டும் என்று கேட்பதற்கு உங்கள் சங்கத்துக்கு முழு உரிமை உண்டு. ஹாங்காங்கின் ரயில் நிறுவனம் நிலையங்களின் மேலும் அருகிலும் கட்டடங்களை உருவாக்கி, அந்த வருவாயில் பாதைகளை அமைத்தது. ஏற்றத்தைப் பிடித்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது சான்று. அந்தப் பணம் யாருக்கு வீடாகிறது என்பதைக் கேட்டுப் பெற வேண்டியது மக்கள்.

உங்கள் கணவரின் தொழிற்பேட்டையையும் மறந்துவிடாதீர்கள். பலரும் வீட்டை நிலையத்தருகே கொண்டுவருவதைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். வேலை எங்கே அமைகிறது என்பது அதற்குச் சமமான கேள்வி. கோபன்ஹேகன் 1947-இல் கைவிரல்களைப் போல ஐந்து ரயில் பாதைகளை ஒட்டி நகரை வளர்த்து, விரல்களுக்கு இடையே பசுமையை விடத் திட்டமிட்டது. அந்தத் திட்டத்தின் 2007-ஆம் ஆண்டு வடிவம், 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய அலுவலகங்களை நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் அமைக்க வேண்டும் என்று விதித்தது. உங்கள் நகரின் வரைவில் புதிய தொழிற்பேட்டைகளும் அலுவலக வளாகங்களும் எந்த நிலையத்தின் அருகே வருகின்றன என்று பாருங்கள். பதில் "எதன் அருகிலும் இல்லை" என்றால், அதுவே மனுவின் ஒரு பத்தி.

அறிவிப்பின் எடை

ரயில் வரும்வரை காத்திருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். "அறிவிக்கப்பட்டது", "ஒப்புதல் பெற்றது", "நிதி ஒதுக்கப்பட்டது", "ஒப்பந்தம் போடப்பட்டது" என்ற நான்கும் வெவ்வேறு படிகள். ஒவ்வொரு படிக்கும் இடையே ஆண்டுகள் ஓடலாம், பாதையின் தடமும் மாறலாம். உங்கள் கடிதத்தின்படி பாதை முதல் படியில்தான் நிற்கிறது. எந்தப் படி என்பதைத் தகவல் கேட்கும் உரிமையைப் பயன்படுத்தி எழுத்தில் பெறுங்கள். விற்பனையாளர்களின் விளம்பரத்தில் வரும் "உத்தேச நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்ற வாசகத்துக்கு ஒப்பந்தத்தில் இடமில்லையென்றால் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

விற்பதைப் பொறுத்தவரை, முதலில் ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துப் படியுங்கள். அரசுத் திட்ட வீடுகளுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை விற்கத் தடையும், சில சமயம் வாடகைக்கு விடத் தடையும் இருக்கும். தடை இல்லையென்றால், விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் நகருக்குள் இருந்து பார்ப்பது, திரும்பி வரும் கதவைத் திறந்து வைக்கும் வழி. அப்படிப் போவதானால் மருத்துவமனைக்கு அருகே என்று மட்டும் தேடாதீர்கள். உங்கள் இருவர் வேலைக்கும் வண்டி மாறாமல் போகக்கூடிய ஒரு பாதையின் நடுவே தேடுங்கள். மகளின் பள்ளி ஆண்டு முடியும் வரை பொறுப்பது நல்லது. இரவு எட்டரைக்கு மேல் பணிமுறை வரும் நாட்களை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. அதுதான் முடிவைத் தீர்மானிக்கும் காரணமாக இருக்குமானால், பணத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்காமலே இடம் மாறுங்கள். பாதுகாப்பாக வீடு திரும்புவதை ஓர் இயலாத ஆடம்பரமாக யாரும் உங்களுக்குக் கற்பிக்க வேண்டாம்.

மனுவில் எழுத வேண்டியவை

மூன்று அலுவலகங்களையும் ஒன்றாக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். அது உங்கள் ஆறு வாரத்தில் நடக்காது, நடக்காமலும் காரியம் ஆகும். ஹாம்பர்க்கில் 1965-இல் தனித்தனி நிறுவனங்கள் தனித்தனியாகவே இருந்துகொண்டு, ஒரே கால அட்டவணை, ஒரே பயணச்சீட்டு என்று உடன்பட்டன. சிங்கப்பூர் 1995-இல் சாலை, ரயில், வாகனப் பதிவு முதலிய பணிகளை ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. அது மற்றொரு வழி. நீங்கள் கேட்க வேண்டியது, மூன்று அலுவலகங்களும் கையெழுத்திட்ட ஒரு தாள்.

முதலாவதாக, நாட்கள். எந்த ஆண்டில் எத்தனை வீடுகள் ஒப்படைக்கப்படுமோ அந்த ஆண்டில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து, இரவு எத்தனை மணி வரை என்பது அதே அட்டவணையில் எதிரெதிரே இடம்பெற வேண்டும். ரயில் தாமதமானால் அதுவரை என்ன என்ற வரியும் வேண்டும். இனி உங்கள் பகுதியில் கட்டப்படும் அரசு வீடுகளுக்கு, பேருந்து ஓடத் தொடங்கியபின் சாவி என்ற நிபந்தனையைக் கேளுங்கள்.

இரண்டாவதாக, நேரம். காலை, மாலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் வண்டி கேட்பது பொதுவான தவறு. பெண்களின் பயணம் பெரும்பாலும் ஒரே கோடாக இருப்பதில்லை. பள்ளி, மருந்துக் கடை, வேலை, மீண்டும் பள்ளி என்று கிளைகளாகப் பிரியும், நண்பகலிலும் நிகழும். ஒவ்வொரு கிளையிலும் புதுச் சீட்டு வாங்க வேண்டியிருந்தால் செலவு இரட்டிக்கும். ஆகவே நண்பகல் சேவை, இரவுச் சேவை, மாறும்போது செல்லுபடியாகும் ஒரே சீட்டு என்ற மூன்றும் தனித்தனியே எழுதப்பட வேண்டும்.

மூன்றாவதாக, நடை. நிலையம் வரைபடத்தில் உங்கள் குடியிருப்பிலிருந்து 700 மீட்டர் என்றும், இடையே கால்வாயும் சுற்றுச்சுவரும் இருப்பதால் உண்மையில் 2 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் உங்கள் கடிதத்தின் மிக முக்கியமான வரி அதுதான். பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் கவராயத்தை வைத்து நிலையங்களைச் சுற்றி வட்டம் வரைந்தவன். வட்டத்துக்குள் விழுந்த வீடுகள் அனைத்தும் நிலையத்துக்கு அருகில் என்று கணக்குக் காட்டினோம். பிறகு நடந்து பார்த்தபோதுதான் சுவர்கள் தெரிந்தன. ஒரு நடைப்பாலமும் சுவரில் ஒரு வாயிலும் உங்கள் 2,400 வீடுகளையும் நிலையத்தோடு சேர்த்துவிடும். ஆறுவழிச் சாலைக்கு ஆகும் செலவில் அது மிகச் சிறிய துளி. பாலத்துக்கான நிலத்தை இப்போதே வரைவில் ஒதுக்காவிட்டால் பிறகு அங்கே ஒரு கட்டடம் எழுந்துவிடும்.

கடைசியாக, மேலே சொன்ன வீட்டு ஒதுக்கீடும் வாகன நிறுத்த வரம்பும்.

மனுவால் பயன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். வரைவுத் திட்டத்துக்கு வரும் ஆட்சேபணையைப் பரிசீலிக்க வேண்டிய கடமை பல நாடுகளின் சட்டங்களில் இருக்கிறது. உங்கள் சட்டத்தில் நேரடி விசாரணை உண்டா, எழுத்தில் பதில் தர வேண்டுமா என்பதை நகரமைப்பு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் "கட்டடம் வேண்டாம்" என்று பொதுவாக எழுதிய மனுவைப் பொதுவான ஒரு வரியால் தள்ளிவிடலாம். வரைபடத்தின் எந்தத் தாளில், எந்த இடத்தில், எத்தனை மீட்டர் அகலத்தில் பாதை வேண்டும் என்று எழுதியதை அப்படித் தள்ள முடியாது. காலக்கெடுவுக்குள் தராத ஆட்சேபணையைப் பின்னாளில் நீதிமன்றத்தில் எழுப்புவதும் கடினம்.

உங்களிடம் நான்கு வாரம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தைத் திரும்பக் கூட்டி, தீர்மானங்களை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த வாரம் உங்கள் மாமியார் வேகத்தில் நடக்கக்கூடிய ஒருவரோடு, குடியிருப்பு வாயிலிலிருந்து உத்தேச நிலையம் வரை நடந்து, ஒவ்வொரு தடையிலும் நேரத்தையும் இடத்தையும் குறித்து, அந்தத் தடத்தை வரைபடத்தின் மேல் சிவப்பு மையால் வரைந்து மனுவோடு இணையுங்கள். மூன்று அலுவலகங்களுக்கும் ஒரே நாளில், ஒரே பிரதியைக் கொடுத்து, மூன்றிலும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.